அண்ணாந்து பார்க்கிற காட்சி

ஸ்டூடியோவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கு,

என் பிரியாவிடைக்கு நீங்கள் அடித்த பேனரில் ‘ஓய்வுபெறும் மூத்த ஒளிப்பதிவாளர்’ என்று போட்டிருந்தீர்கள். எனக்கு இன்னும் முப்பது வயசாகவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது, கமெராவை வைத்துவிட்டு வெண்கட்டியைத் தூக்கப் போகிறேன், அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் பேனர் அடித்த காசுக்கு மரியாதையாக, மூத்தவன் மாதிரி ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கமெராவில் எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்ல வரவில்லை. அதெல்லாம் நீங்கள் பிறந்த உடனேயே தெரிந்துகொண்ட ஆட்கள். நான் சொல்ல வந்தது ‘அண்ணாந்து பார்க்கிற காட்சி’யைப் பற்றி. எங்கள் முதலாளி உங்களுக்கும் அதை முதல் கிழமையே படிப்பித்திருப்பார்.

அவர் படிப்பிக்கிற முறை எனக்கு மனப்பாடம். “நகரம் எண்டா முதல்ல கால். பஸ்ஸில இருந்து ஒரு கால் இறங்கணும். பிறகு பேக். பிறகு முகம். பிறகு ஆள் அண்ணாந்து பார்க்கணும். அவர் பார்க்க, கட்டடம் எல்லாம் சுத்தணும். சுத்தாட்டி அது நகரம் இல்ல, நம்மட நிந்தவூர்.”

முதலாளிக்குத் தெரிந்த கொழும்பு, கமெரா விற்கிற ஒரு கடையும் அதற்குப் பக்கத்தில் ஒரு புரியாணிக் கடையும்தான். மிச்சக் கொழும்பை அவர் தமிழ்ப் படத்தில் பார்த்திருந்தார். அந்தப் படங்களில் இருந்தது கொழும்பே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. எனக்கும் அப்படித்தான். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம் ஸ்டூடியோவில் சேர்ந்தவன் நான். நகரத்துக்குப் போகிறவன் முதல் பாட்டில் பையைப் பறிகொடுப்பான், பாட்டு முடிகிறபோது கார் வைத்திருப்பான் என்று முழுசாக நம்பியிருந்தேன்.

எங்கள் கலியாண வீடியோ எல்லாம் அந்தக் காலத்தில் ஒரு வெளிநாட்டு நகரத்தோடுதான் தொடங்கும். சீடியில் வாங்கி வைத்த காட்சி: வானத்தைத் தொடுகிற கட்டடம், பாலத்துக்கு மேல் பாலம், அம்பு மாதிரி ஒரு ரயில். அது மறைய மாப்பிள்ளையின் பெயர் வரும். ஒருமுறை பெண்ணுடைய மாமா ஒருவர் கேட்டார், “மருமகன் இஞ்சயா வேலை செய்யிற?” என்று. மருமகனுக்கு அரிசி மில். முதலாளி யோசிக்கவே இல்லை. “இது அவர்ர மனசு, ஹாஜியார்” என்றார். ஹாஜியார் தலையாட்டிக்கொண்டு போனார்.

இதற்கு முந்தி இன்னொன்று நடந்திருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, கொழும்பிலிருந்து ஒரு படக்குழு ஒலுவில் பக்கம் வந்தது. வழிகாட்ட என்னைக் கூட்டிப்போனார்கள். அவர்களுக்கு ஒரு மீனவர் வேண்டும். நான் அந்தக் கரையில் தோணி வைத்திருந்த இஸ்மாயில் காக்காவிடம் சொல்லி வைத்தேன். அவர் பெருநாள் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டு, கையில் மணிக்கூடு கட்டி, அத்தரும் பூசிக்கொண்டு வந்து நின்றார். வந்த டைரக்டருக்கு முகம் விழுந்துபோனது. சேட்டைக் கழற்றிவிட்டு, உடைந்த தோணியில் இருந்து, கடலைக் கவலையோடு பார்க்கச் சொன்னார்.

“சேட்டோட கவலப்பட ஏலாதா தம்பி?” என்று கேட்டார் காக்கா.

“படத்தில் பார்க்கிறவர்களுக்கு அப்படி இருந்தால்தான் மீனவர் என்று விளங்கும்” என்றார் டைரக்டர்.

“அப்ப அவங்களுக்குத்தானே கவலை இரிக்கி. அவங்கட சேட்டக் கழத்தச் சொல்லுங்க.”

இந்தக் கதையை நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். கொழும்பார் எங்கள் சேட்டைக் கழற்ற வந்தார்கள் என்று. பிறகு நான் கொழும்புக்குக் கோட்டுப் போட்டுவிடப் போன கதைதான் இனி வருவது.

நவ்பர் என்று ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மருதமுனை ஆள், கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ்மேன். அவருக்குக் கல்முனைக்குடியில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். நிஹாறா என்று பெயர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குப் போய் இருக்கிறது, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். இது உங்களுக்குத் தெரியும். நிஹாறாவுக்குக் கட்டின வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது தாய், தகப்பன், தம்பிமார் எல்லாரும் நிவாரணத்தில் கிடைத்த ஒரு சின்ன வீட்டில். அதற்குள் ஒரு மாப்பிள்ளையை எங்கே வைப்பது?

நவ்பர் ஒரு யோசனை சொன்னார். கலியாணம் முடித்துப் பெண்ணைக் கொழும்புக்குக் கூட்டிப்போகிறேன், எனக்கு அங்கே ஒரு அறை இருக்கிறது என்று. எங்கள் ஊரில் அது மாப்பிள்ளை தாலியைத் தன் கழுத்தில் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன மாதிரித்தான். பெண்ணின் உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாப்பா பள்ளிவாசலில் இருந்து வீட்டுக்கு வராமல் திரிந்தார். நிஹாறா மட்டும்தான் நிதானமாகப் பேசினாள்: “இடத்தப் பாக்காம ஓம் எண்டும் செல்ல மாட்டன், இல்ல எண்டும் செல்ல மாட்டன். வீடியோ எடுத்துக் காட்டச் செல்லுங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பா பதில் குடுப்பாரு.”

பதில் ‘இல்லை’ என்றால் சம்பந்தம் அதோடு முடிந்தது. நவ்பர் அவளை ஒருமுறைதான் பார்த்திருந்தார், அதுவும் உம்மாவுக்குப் பின்னால் நின்று. ஆனால் ஸ்டூடியோக் கதிரையில் இருந்து அவர் இதை இரண்டு தரம் சொன்னார்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “கொழும்ப எடுக்கிற! இவ்வளவு நாளும் சீடியில வாங்கினம், இனிச் சொந்தமா எடுப்பம்!”

புறப்படுகிறதற்கு முதல் நாள் நான் நிஹாறாவின் வீட்டுக்குப் போனேன், மரியாதைக்கு. அவள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று சொன்னாள்: “எல்லாத்தையும் எடுங்க. படியெல்லாம் எடுங்க.”

“ஓம் தங்கச்சி, படி இல்லாமலா?” என்றேன். படத்தில் கதாநாயகி வளைந்து வளைந்து இறங்கி வருவாளே, பளிங்குப் படி, அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைய வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அவள் வேறு ஏதாவது சொல்வாளா என்று நிற்கவும் இல்லை. இதை மட்டும் ஞாபகம் வையுங்கள், தம்பிமாரே: ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பொலிஸுக்குப் போயிருக்க மாட்டேன்.

காலையில் கொழும்பு போய்ச் சேர்ந்து, முதலில் நவ்பருடைய அறைக்குப் போனோம். பையை வைக்கத்தான். அங்கே கமெராவைப் போட்டு பற்றரி வேலை செய்கிறதா என்று பார்த்தேன். “இஞ்ச என்னத்த எடுக்கிற? ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும்தானே. வாங்க, வாங்க” என்று நவ்பர் அவசரப்படுத்தினார். கமெராவைத் தோளில் தொங்கவிட்டபடி மொட்டைமாடிக்குப் போய் முகம் கழுவி, படியால் இறங்கினேன். கமெரா ஓடிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நவ்பர் ஒரு கோட்டுப் போட்டு வந்தார். கடையில் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையின் கோட்டு. பொம்மை நவ்பரைவிடப் பெரிய உடம்பு, அதனால் முதுகில் குண்டூசி குத்தி இறுக்கியிருந்தார். முன்னால் பார்த்தால் மெனேஜர், பின்னால் பார்த்தால் ஊசிப் பெட்டி.

அன்றைக்கு நாங்கள் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது. யுத்தத்தின் கடைசிக் காலம். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அம்பாறை மாவட்ட அடையாள அட்டையோடு இரண்டு தமிழ் பேசுகிற ஆட்கள், ஒருவர் பஸ்ஸில் ஏறுகிறார், அடுத்த தரிப்பில் இறங்குகிறார், மற்றவர் அந்தக் காலைப் படம் பிடிக்கிறார். கொழும்பு பஸ் படத்தில் வருகிற பஸ் மாதிரி இல்லை. கால் தரையில் படுகிறதற்கு முதலே கொண்டக்டர் தள்ளிவிடுகிறான். ஒரு தடவை நவ்பர் இறங்க, சப்பாத்து பஸ்ஸோடு போய்விட்டது. அதைத் துரத்திப் பிடித்துப் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினார். திரும்ப இறங்கினார்.

கடைசியில் அண்ணாந்து பார்க்கிற காட்சி. கட்டடம் சுத்த வேண்டுமென்றால் கமெரா கீழே இருந்து பார்க்க வேண்டும். அதனால் நான் நடைபாதையில் மல்லாக்கப் படுத்தேன். எனக்கு மேலே நவ்பர், கண்ணுக்கு மேல் கையை வைத்தபடி. அவருக்கு மேலே மிக உயரமான ஒரு கட்டடம். அந்தக் கட்டடத்துக்கு மேலே, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி எங்களை மேசைக்கு முன்னால் நிறுத்தி, கமெராவின் சின்னத் திரையில் வீடியோக் கெசட்டை ஓடவிட்டார். அவர் சிங்களத்தில் கேட்க, அம்பாறையில் வேலை செய்து தமிழ் பழகின ஒரு கொன்ஸ்டபிள் எங்களுக்கு மாற்றிச் சொன்னார்.

“இவர் ஏன் இத்தனை பஸ்ஸில இறங்குறார்?”

“கொழும்புக்கு வாறார் சேர்” என்றேன்.

“இவர் இருக்கிறது எங்க?”

“கொழும்பில சேர்.”

“கொழும்பில இருக்கிறவர் ஏன் கொழும்புக்கு வாறார்?”

“படத்தில அப்படித்தான் சேர் வாற.”

கொன்ஸ்டபிள் இதை மாற்றிச் சொல்லிவிட்டு, தான் சரியாகத்தான் சொன்னோமா என்று தானே யோசித்தார்.

“இப்ப ஏன் மேல பார்க்கிறார்? ஆருக்குச் சைகை?”

“சைகை இல்ல சேர். ஆச்சரியப்படுறார். கட்டடத்தப் பார்த்து.”

“ஒவ்வொரு நாளும் இந்தக் கட்டடத்தத் தாண்டித்தானே வேலைக்குப் போறார்?”

நவ்பர் தானே வாய் திறந்தார். “ஓம் சேர். ஆனா இண்டைக்குத்தான் அண்ணாந்து பார்த்தன். முந்தி நேரம் கிடைக்கல்ல.”

அதிகாரி கெசட்டைத் தொடக்கத்துக்கே ஓட்டினார். அங்கேதான் என் தோளில் தொங்கின கமெரா தானாக எடுத்த காட்சி இருந்தது. படி. படி. படி. சுவர். குழாய். ஒரு கதவு. மொட்டைமாடி. திரும்பப் படி. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அறைக்குள் இருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஒரு கட்டடத்துக்குள் எப்படி ஏறி எப்படி இறங்குவது என்று ஒருவன் இரகசியமாக எடுத்த படம் மாதிரியே இருந்தது. எனக்கே என் மீது சந்தேகம் வந்தது.

முதலாளிக்கு ஒரு கோல் எடுக்க விட்டார்கள். கொன்ஸ்டபிள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, முதலாளி மறுமுனையில் கத்தினார்: “பயப்படாத! பெரிய டைரக்டர் எண்டு செல்லு! படம் எடுக்க வந்த எண்டு செல்லு! பெரிய ஆக்கள் எண்டா விட்டுருவாங்க, படத்தில பார்க்கல்லயா?”

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். நான் வாயைத் திறந்துவிட்டேன். ‘ஐ ஆம் டைரக்டர்’ என்ற வசனம் நாக்கு நுனியில் வந்துவிட்டது. அந்த நேரம் அதிகாரி நவ்பரைத் திரும்பி நிற்கச் சொன்னார். முதுகில் குண்டூசிகளுக்கு நடுவில் கோட்டின் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“இது ஆர்ர கோட்டு?”

“பொம்மைர கோட்டு சேர்” என்றார் நவ்பர்.

கொன்ஸ்டபிள் மாற்றிச் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி கடைக்கு ஃபோன் பண்ணினார். கடை மெனேஜர், ஆள் எங்கள் ஆள்தான் என்று சொன்னார். ஆனால் அதற்கு முதல் கேட்டது, “கோட்டு கசங்கலையா?”

விலைச்சீட்டைப் பார்த்த பிறகு எனக்கு டைரக்டராக இருக்க ஆசை போய்விட்டது. எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். கடல் கொண்டுபோன வீடு, சீலைக்குப் பின்னால் நின்ற பெண், வெள்ளிக்கிழமை ஜும்ஆ, முதலாளியின் கால், பேக், முகம். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார், கொன்ஸ்டபிள் மாற்றினார்: “சேர்ர ஊர் மொனராகலைப் பக்கம். முதல்முதல் கொழும்புக்கு வந்த அண்டைக்கு அவர் மேல பார்க்கல்லயாம். கீழதான் பார்த்தாராம். முன்னால போறவன்ர செருப்ப மிதிச்சிருவனோ எண்டு பயமாம்.” மாற்றி முடித்ததும், “நானும் மேல பார்க்கல்ல. பஸ் நம்பரத்தான் பார்த்தன்” என்று தன் கணக்கிலும் ஒன்று சேர்த்தார்.

“அந்தப் பிள்ள என்னத்தப் பார்க்கணும் எண்டு கேட்டது?” என்றார் அதிகாரி.

“எல்லாத்தையும் சேர். படியெல்லாம்.”

“படி இருக்கு” என்று அவர் கமெராவைத் தட்டினார். நவ்பர் அந்த அறையில் இருப்பதாகப் பொலிஸில் பதிந்த பத்திரத்தைப் பார்த்துவிட்டு, “உன்ர சொந்தப் படிய நீ எடுக்கலாம். நகரத்த அழி.”

அந்தக் கெசட்டில் அழிக்கிறதென்றால் மேலே வேறு எதையாவது பதிய வேண்டும். நகரத்தை எவ்வளவு நேரம் எடுத்தோமோ அவ்வளவு நேரம் பதிய வேண்டும். நான் மூடியைப் போட்டுக் கறுப்பாகப் பதியத் தொடங்கினேன். அதிகாரி தடுத்தார். “கறுப்பு வேணாம், அந்தப் பிள்ள பயப்படும். மரத்த எடு.” முற்றத்தில் ஒரு அரலி மரம் நின்றது. அதை எடுத்தேன். நடுவில் கொன்ஸ்டபிள் கேத்தலோடு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், அதுவும் படத்தில் விழுந்தது. இப்படியாகக் கொழும்பின் வானுயர்ந்த கட்டடங்கள் எல்லாம் ஒரு மரமாக மாறின. ஊர் போய்ச் சேருமட்டும் கமெரா பைக்குள் இருந்து வெளியே வரக்கூடாது என்று சொல்லி விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டூடியோவில் முதலாளி கெசட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பிறகு சுறுசுறுப்பானார். “சோலி இல்ல. சீடி இரிக்கிதானே. அந்த ரயில் நகரத்த முன்னுக்குப் போடுவம். அவகளுக்கு எந்த நகரம் எண்டு என்னண்டு தெரியும்?” நவ்பரும் ஃபோனில் அழாத குறை: “போடுங்க காக்கா, போடுங்க. அந்தப் படியக் காட்டினா என்ர கதை முடிஞ்சி.”

பொலிஸிலேயே உண்மையைச் சொல்லித் தப்பி வந்தவன், கலியாண வீட்டில் பொய் சொல்லி மாட்டவா? நான் கெசட்டைக் கமெராவுக்குள் போட்டேன், வயரை எடுத்தேன், சைக்கிளில் ஏறினேன். முதலாளி வாசல் வரை கத்திக்கொண்டு வந்தார்.

நிஹாறாவின் வீட்டில் டீவிக்கு முன்னால் வாப்பாவும் உம்மாவும் இருந்தார்கள். அவள் சீலைக்குப் பின்னால். படம் ஓடியது. பாதி நேரம் என்னுடைய கால்தான். வெற்றிலை துப்பின சுவர். கட்டிலும் அடுப்பும். மொட்டைமாடிச் சுவருக்கு அங்கால் தூரத்தில் ஒரு கோடாகக் கடல். ஒரு இடத்தில், படியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து அறைப் பெண்ணின் குரல்: “நவ்பர், உன்ர பொஞ்சாதி வந்தா கயித்துல இந்தப் பக்கம் அவக்கு. முன்னுக்கே செல்லிட்டன், பிறகு சண்டைக்கி வரப்படாது.”

“இதா கொழும்பு?” என்றார் உம்மா.

“தம்பி, படத்தில காட்டுற கொழும்பு எங்க?” என்றார் வாப்பா.

“அது பொலிஸில இரிக்கி மாமா” என்றேன்.

அதைக் கேட்டபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். திரையில் இப்போது அரலி மரம் வந்துவிட்டது. ஒரு பொலிஸ்காரர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். உம்மா மெல்லக் கேட்டார், “இவரும் அந்த ஊட்டுலயா இரிக்காரு?”

நான் எழுந்து வயரைக் கழற்றப் போனேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“கழத்தாதீங்க” என்றாள் நிஹாறா. “திருப்பி ஓட்டுங்க. படியில இருந்து.”

ஓட்டினேன். சீலை கொஞ்சம் விலகியிருந்தது. அவளுடைய உதடு அசைந்தது. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தாள். என் கால் தடுமாறின இடத்தில், திருப்பச் சொல்லி, எண்ணிக்கை தவறின படியைச் சரிபார்த்தாள்.

“அறை மூண்டாம் மாடியா?”

“ஓம்.”



“கடல் வந்த அண்டைக்கி பக்கத்து ஊட்டு ஹாஜியார்ட மேல் வீட்டுப் படியில தண்ணி எந்தப் படி மட்டும் வந்த எண்டு எனக்குத் தெரியும்” என்றாள். “அதுல நிண்டுதானே நான் உசிரோட மிஞ்சின. இது அதுக்கு மேல.” பிறகு, “கடலும் தெரியிது. ஆனா கீழ கிடக்கு” என்றாள்.

வாப்பா தொப்பியைத் தேடினார். ஜும்ஆவுக்கு நேரமாகியிருந்தது.

“ஓம் எண்டு செல்லுங்க வாப்பா. அந்தக் கயித்துல எந்தப் பக்கம் எண்டு மட்டும் ஒருக்காக் கேட்டு வைங்க.”

கலியாணம் நடந்தது. அந்த வீடியோவின் தொடக்கத்திலும் முதலாளி அம்பு ரயிலைப் போட்டார், அவரைத் திருத்த ஏலாது. நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் அவர் உங்களை எங்கேயாவது படம் எடுக்க அனுப்பினால், போகிறதற்கு முதல் அதைப் பார்க்கப் போகிறவரிடம் ஏன் பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு நவ்பரைக் கல்முனைச் சந்தையில் சந்தித்தேன். முதல் நாள் நிஹாறாவைக் கூட்டிப்போனது எப்படி என்று விசாரித்தேன். ஒழுங்கைக்குள் ஓட்டோ நின்றதாம். அவள் இறங்கி, பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாளாம். நவ்பருக்குப் பெருமையாகிவிட்டது. ஒழுங்கைக்கு அங்கால் தெரிகிற பெரிய கட்டடத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, “அது இருபது மாடி” என்று சொல்லியிருக்கிறார்.

“அது இல்ல” என்றாளாம் அவள். “எங்கட ஜன்னல் எது?”

முதலாளி கேட்ட அத்தனையும் அதில் இருந்தது. கால், பேக், முகம், அண்ணாந்து பார்க்கிறது. எடுக்கத்தான் அங்கே ஒருவரும் இல்லை.